யாருடைய பெட்டி, யாருடைய விளையாட்டு? கொன்சோல் கம்பனிகளும் சுயாதீன விளையாட்டாக்குநர்களும்

ஒரு கம்பனி செய்து விற்கும் விளையாட்டுப் பெட்டிக்கு வெளியாள் ஒருவர் விளையாட்டு எழுதலாமா? எழுதலாம் என்றால் யாருடைய அனுமதியோடு, வருமானத்தில் எத்தனை பங்கு கொடுத்து? இந்தக் கேள்வி 1979 இல் பிறந்தது. அடாரி நிறுவனத்தின் நிரலாளர்களான டேவிட் கிரேன், அலன் மில்லர், பொப் வைற்ஹெட், லரி கப்லன் ஆகியோர் அந்த ஆண்டு வெளியேறி, இசைத்தட்டுத் துறையிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து அக்டிவிஷன் கம்பனியை அமைத்தார்கள். அடாரியின் பெட்டிக்கு, அடாரியைக் கேளாமலே விளையாட்டுகள் செய்து விற்றார்கள். அடாரி வழக்குப் போட்டது. உரிமைப் பங்கு செலுத்துவது என்ற இணக்கத்தோடு 1982 இல் வழக்கு முடிந்தது. நீதிமன்றத்தில் பிறந்த உறவு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னாளில் கம்பனிகள் பேசிய 'நட்பு', 'குடும்பம்' போன்ற சொற்களைச் சற்று நிதானமாகவே கேட்கத் தோன்றும்.

அதன் பின் வந்த விடைகள் பல. பூட்டு வேண்டும் என்றவர்கள் உண்டு. இது வெறும் இலாப நட்டக் கணக்கு என்றவர்கள் உண்டு. இது ஒரு சார்பு நிலை, அடிமைத்தனத்துக்கு அண்மையானது என்றவர்கள் உண்டு. எல்லாம் இடையில் நிற்கும் ஆட்களைப் பொறுத்தது என்றவர்களும் உண்டு. அவற்றை வரிசையாகப் பார்ப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை அவசியம். கொன்சோல் ஒப்பந்தங்கள் அனைத்தும் இரகசியக் காப்பு உடன்படிக்கைக்கு உட்பட்டவை. ஆய்வாளர்களுக்குக் கிடைப்பவை நீதிமன்ற ஆவணங்கள், மனம் வெறுத்து வாய் திறந்தவர்களின் வார்த்தைகள், வென்றவர்களின் நேர்காணல்கள். இடைநடுவில் நின்றுபோனவர்களின் கதை பெரும்பாலும் பதிவாகவில்லை. கீழே வரும் எல்லா முடிவுகளுக்கும் இந்தக் குறை பொருந்தும்.

பூட்டு தரத்தைக் காத்ததா?

மிகப் பழைய விடை, கம்பனிகளின் வாயில் இன்றும் வருவது: கட்டுப்பாடு இல்லாவிட்டால் சந்தை குப்பையாகிவிடும். இதற்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது 1983 இன் அமெரிக்கச் சரிவு. அக்டிவிஷனின் வெற்றியைப் பார்த்து யார் யாரோ விளையாட்டு செய்யத் தொடங்கினார்கள். கடைகளில் விற்காத கசெற்றுகள் குவிந்தன. அடாரி தன் மிச்சச் சரக்கை நியூ மெக்சிக்கோவின் அலமோகோர்டோவில் குப்பைமேட்டில் புதைத்தது. 2014 இல் அதைத் தோண்டி எடுத்து உறுதிப்படுத்தினார்கள்.

இந்தப் பாடத்தை முன்னிறுத்தியே நின்டென்டோ 1985 இல் அமெரிக்காவுக்குள் வந்தது. அதன் பெட்டிக்குள் 10என்ஈஎஸ் என்ற பூட்டுச் சில் இருந்தது. கசெற்றுக்குள் அதற்கு இணையான சில் இல்லாவிட்டால் விளையாட்டு ஓடாது. சில்லோடு ஒப்பந்தமும் வந்தது: ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் இல்லை, இரண்டு ஆண்டுகள் வேறு பெட்டிக்குப் போகக் கூடாது, கசெற்றை நின்டென்டோவே செய்யும், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்காமல் போனால் நட்டம் முழுவதும் வெளியாளுடையது. கொனாமி நிறுவனம் ஐந்து என்ற எல்லையைத் தாண்ட அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயரில் கடை விரித்தது என்பதே அந்த நிபந்தனை எவ்வளவு இறுக்கியது என்பதற்குச் சான்று.

தரம் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் அதன் அடித்தளம் சொல்லப்படும் அளவுக்கு உறுதியானதல்ல. 1983 இன் சரிவு பெரும்பாலும் வட அமெரிக்காவுக்கு உரியது. கொமடோர் 64 போன்ற மலிவான வீட்டுக் கணினிகளின் விலைப்போர், கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பும் வழக்கம், அடாரியின் சொந்த மிகை உற்பத்தி எல்லாம் அதில் கலந்திருந்தன. அதே 1983 இல் யப்பானில் ஃபமிகொம் வெளியாகி வளர்ந்தது; அந்த முதல் பெட்டியில் பூட்டுச் சில் இருக்கவில்லை. மேலும், தரத்தைக் காப்பதற்கு இரண்டு ஆண்டுத் தனியுரிமை ஏன் தேவை என்ற கேள்விக்கு இந்த வாதத்தில் விடை இல்லை.

இந்தக் கட்டத்தில் கவனிக்கத்தக்க சிறு கதை ஹட்சன், நம்கோ என்ற இரு யப்பானியக் கம்பனிகளுடையது. 1984 இல் ஃபமிகொமுக்கு விளையாட்டுகள் போதாமல் இருந்தபோது வந்தவர்கள் இவர்கள். பின்னால் வந்தவர்களைவிட நல்ல நிபந்தனைகள் கிடைத்தன. 1989 அளவில் நம்கோவின் ஒப்பந்தம் முடிந்தபோது நின்டென்டோ உச்சத்தில் இருந்தது. பழைய சலுகை தொடரவில்லை. நம்கோவின் தலைவர் வெளிப்படையாகவே மனக்கசப்பைக் காட்டினார். ஐந்து ஆண்டுகள் கழித்து சோனி தன் பிளேஸ்டேஷனோடு சந்தைக்கு வந்தபோது, அதன் முதல் நாள் விளையாட்டுகளில் முக்கியமானதைக் கொடுத்தது நம்கோதான். ஆள் தேவைப்படும்போது ஒரு விலை, தேவை தீர்ந்தபின் வேறு விலை. இந்த ஒழுங்கு பின்னும் திரும்பத் திரும்ப வருகிறது.

நீதிமன்றங்களும் பூட்டை முழுமையாக ஆதரிக்கவில்லை. 1992 இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. பூட்டுச் சில்லின் நிரலைப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து தவறான காரணம் சொல்லிப் பெற்ற அடாரி கேம்ஸ், நின்டென்டோவிடம் தோற்றது. ஆனால் சேகாவின் பெட்டியைத் தானே ஆராய்ந்து அதன் இயக்கத்தைக் கண்டறிந்த அக்கலேட் வென்றது. இதற்கு முன்பே எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் அதே சேகா பெட்டியை ஆராய்ந்து முடித்துவிட்டு, அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசி நல்ல நிபந்தனை வாங்கியிருந்தது. பூட்டைத் திறக்கத் தெரிந்தவருக்கு மரியாதை கூடியது என்று இதை வாசிக்கலாம்.

கணக்கு சொல்லும் விளக்கம்

பொருளியலாளர்களின் விடை வேறு திசையிலிருந்து வருகிறது. ஜோன்-சார்ள் ரொஷே, ஜோன் திரோல் ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் 2003 இல் வெளியிட்ட கட்டுரை 'இருபக்கச் சந்தை' என்ற கருத்தை நிலைநிறுத்தியது. திரோல் 2014 இல் நோபெல் பரிசு பெற்றார். கொன்சோல் கம்பனிக்கு இரண்டு வாடிக்கையாளர்கள்: விளையாடுபவர், விளையாட்டு செய்பவர். ஒரு பக்கம் கூட்டம் கூடினால்தான் மறுபக்கம் வரும். எந்தப் பக்கத்துக்குச் சலுகை கொடுப்பது, எந்தப் பக்கத்திடம் பணம் வாங்குவது என்பதே வியாபாரத்தின் உயிர்நாடி. கணினி இயங்குதளங்கள் பெரும்பாலும் நிரலாளரைத் தாங்கிப் பயனரிடம் பணம் வாங்க, கொன்சோல் கம்பனிகள் பெட்டியை மலிவாக விற்று விளையாட்டாக்குநரிடம் பங்கு எடுத்தன. 2021 இல் எபிக்–அப்பிள் வழக்கில் மைக்ரோசொஃப்ட் அதிகாரி ஒருவர், எக்ஸ்பொக்ஸ் பெட்டி விற்பனையில் தங்கள் நிறுவனம் இலாபம் கண்டதில்லை என்று சாட்சியமளித்தார். கடைவழி விற்பனையில் வழக்கமாகிப்போன நூற்றுக்கு 30 என்ற பங்கு இந்தக் கணக்கிலிருந்தே நியாயப்படுத்தப்படுகிறது.

மட்டக்களப்பு வயல்வெளியை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. புதிதாகக் காடு வெட்டிய நிலத்துக்கு ஆள் தேடும் நிலக்கிழாரான போடியாரும், நீர்ப்பாய்ச்சல் உறுதியான நிலத்தை வைத்திருக்கும் போடியாரும் விளைச்சலில் ஒரே பங்கைக் கேட்க மாட்டார்கள். விதைநெல்லும் முற்பணமும் யாருக்கு, எப்போது என்பது போடியாரின் மனத்தைவிட நிலத்தின் நிலைமையையே பொறுத்தது.

இந்த விளக்கத்தின் வலு, கதவு எப்போது திறக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிவது. பலவீனம், 'விளையாட்டாக்குநர் பக்கம்' என்று ஒரே கூடையில் எல்லோரையும் போடுவது. ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனமும் வீட்டறையில் தனியே இருப்பவரும் ஒரே விலை கேட்டு ஒரே விதமாகப் பதில் சொல்பவர்கள் அல்லர்.

கதவு திறந்த ஆண்டுகள்

சோனியின் நெட் யாரோசே இந்த வரலாற்றில் விசித்திரமான முதல் முயற்சி. யப்பானில் 1996 இலும் மேற்கில் 1997 இலும் வந்த கறுப்பு நிறப் பிளேஸ்டேஷன். விலை அமெரிக்காவில் ஏறத்தாழ 750 டொலர். வாங்கியவர் வீட்டுக் கணினியோடு இணைத்துத் தானே விளையாட்டு எழுதலாம். ஆனால் முழு விளையாட்டும் பெட்டியின் 2 மெகாபைட் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும், விற்கவும் வழியில்லை. சில விளையாட்டுகள் இதழ்களோடு வந்த இறுவட்டுகளில் இடம்பெற்றன; யப்பானின் ஷிஃப்ட் குழுவினர் அதில் தொடங்கிய பகடை விளையாட்டு ஒன்று 1998 இல் முழு வெளியீடாக வந்தது. அந்நேரம் சோனி முன்னணியில் இருந்தது. பின்தங்கியவரே கதவைத் திறப்பார் என்ற ஒழுங்குக்கு இது பொருந்தாத உதாரணம். ஆனால் விற்கும் உரிமை இல்லாத கதவைக் கதவு என்று கணக்கிடலாமா என்பதும் கேள்விதான்.

உண்மையான மாற்றம் இணையக் கடையோடு வந்தது. கசெற்றும் இறுவட்டும் அச்சிடும் செலவு போனது; சிறு விளையாட்டைச் சிறு விலைக்கு விற்கலாம் என்றாயிற்று. மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் லைவ் ஆர்கேட் 2004 இல் தொடங்கி, 360 பெட்டியோடு 2005 இல் சூடுபிடித்தது. 2008 இல் ஜோனதன் புளோவின் 'பிரெய்ட்' வந்தபோது, ஓரிருவர் செய்த விளையாட்டு ஒன்று பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளோடு ஒரே பக்கத்தில் பேசப்பட்டது. 2006 இலேயே எக்ஸ்என்ஏ என்ற கருவியை வெளியிட்ட அதே கம்பனி, 2008 இல் ஆண்டுக்கு 99 டொலர் சந்தா கட்டியவர்கள் தமக்குள்ளேயே பரிசோதித்து வெளியிடும் தனிப் பகுதியையும் திறந்தது. பெரிய கடை முன்வாசல், இந்தச் சமூகப் பகுதி பின்வாசல். பின்வாசலை யாரும் எட்டிப் பார்க்காமல் விட்டு, 2017 இல் மூடினார்கள்.

நின்டென்டோவின் வீவேர் இணையக் கடை 2008 இல் வந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கை விற்றால் மட்டுமே பணம் கொடுபடும். விளையாட்டு 40 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அனுமதி இல்லை. தனியான அலுவலகம் வேண்டும். 2011 இல் நின்டென்டோவின் அமெரிக்கத் தலைவர் ரெஜி ஃபில்ஸ்-எமே உண்மையான சுயாதீன ஆக்குநரையும் பொழுதுபோக்குக்குச் செய்பவரையும் வேறுபடுத்திப் பேசினார். இரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. வீ யூ பெட்டி விற்கவில்லை. அதன் வாழ்நாள் விற்பனையே 1 கோடி 36 இலட்சத்துக்குள் நின்றது. 2013 இல் அலுவலக நிபந்தனை எடுக்கப்பட்டது.

அதே 2013 இல் மற்ற இரு கம்பனிகளிலும் நடந்தது இந்த ஒழுங்கை மேலும் தெளிவாக்குகிறது. சோனியின் கைப்பெட்டியான வீட்டா பெரிய நிறுவனங்களால் கைவிடப்பட்டிருந்தது. சிறு ஆக்குநர்களைத் தேடித் தேடிப் பேசும் வேலையை ஐரோப்பாவில் ஷாஹித் அஹ்மத் செய்தார். ஜூன் மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சி மேடையில் சோனி சுயாதீன விளையாட்டுகளை வரிசையாக நிறுத்தியது. எக்ஸ்பொக்ஸ் வன் பெட்டியோ, வெளியீட்டாளர் இல்லாமல் விளையாட்டு வெளியிட முடியாது என்ற நிலையோடு அறிமுகமாகி, எதிர்ப்புக்குப் பின் ஜூலையில் பின்வாங்கியது. ஓகஸ்டில் கிறிஸ் சார்லாவின் பொறுப்பில் ஐடி அட் எக்ஸ்பொக்ஸ் திட்டம் வந்தது. தெரிவானவர்களுக்கு டெவ்கிட் எனப்படும் தயாரிப்புப் பெட்டிகள் இரண்டு இலவசம்.

எனினும் இந்த ஒழுங்குக்கு வலுவான எதிர்ச் சான்று ஒன்று உண்டு. 2017 இல் வந்த சுவிட்ச் பெருவெற்றி பெற்ற பெட்டி. ஆயினும் நின்டென்டோ கதவைச் சாத்தவில்லை. எரிக் பரோன் தனியே செய்த 'ஸ்டார்டியூ வாலி' அந்த ஆண்டு சுவிட்சில் மிக அதிகமாகப் பதிவிறக்கப்பட்ட விளையாட்டு. டிஜிட்டல் கடையில் கூடுதலாக ஒரு விளையாட்டை வைக்கச் செலவு ஏறத்தாழ இல்லை என்பதால் இப்போது கதவு திறந்தே கிடக்கிறது. கதவுக்கு உள்ளே எந்தத் தட்டில் வைப்பார்கள் என்பதே புதிய பேரம்.

சார்பு பற்றிய விமர்சனம்

டேவிட் நிபோர்க், தோமஸ் போயல் ஆகியோர் 2018 இல் முன்வைத்த பார்வை, கலாசார உற்பத்தி முழுவதும் தளங்களின் மீது சாய்ந்துவிட்டது என்பது. தளம் நினைத்த நேரத்தில் விதியை மாற்றலாம். செய்பவர் மாற்றத்துக்கு ஏற்ப வளைய வேண்டும். கொன்சோல் துறையில் இதற்கு உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2012 இல் 'ஃபெஸ்' விளையாட்டின் பிழைதிருத்தம் ஒன்று சில வீரர்களின் சேமிப்பைக் கெடுத்தது. மறுபடி திருத்தி அனுப்பப் பல்லாயிரம் டொலர் கட்ட வேண்டும் என்பதால் அதை அப்படியே விடுவதாக ஆக்குநர்கள் அறிவித்தார்கள். அந்தக் கட்டணத்தை மைக்ரோசொஃப்ட் பின்னர் நீக்கியது. வேறு பெட்டியில் முதலில் வெளியிட்டால் எங்களிடம் வராதே என்ற எக்ஸ்பொக்ஸின் சமநேர நிபந்தனை, இரண்டு பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய ஆளில்லாத சிறு குழுக்களையே அதிகம் வாட்டியது. 2021 இல் சிறு வெளியீட்டாளர்கள் சிலர், பெரும் கொன்சோல் கடையொன்றில் முன்பக்க இடம் பெற ஆயிரக்கணக்கான டொலர் கேட்கப்படுவதாகப் பகிரங்கமாக முறையிட்டார்கள்.

சந்தாத் திட்டங்கள் பற்றிய விவாதம் இன்னும் சிக்கலானது. மைக்ரோசொஃப்ட் 2017 இல் தொடங்கிய கேம் பாஸ், விளையாட்டைச் சேர்ப்பதற்கு முன்பணம் கொடுக்கிறது. விற்குமா விற்காதா என்ற அச்சமில்லாமல் சம்பளம் கொடுக்கலாம் என்பது பல சிறு குழுக்களுக்குப் பெரிய நிம்மதி. மறுபுறம், மைக்ரோசொஃப்டின் அக்டிவிஷன் கொள்வனவை ஆராய்ந்த பிரித்தானியப் போட்டி ஆணையத்தின் 2023 ஆவணத்தில், கேம் பாஸில் சேர்ந்தபின் விளையாட்டின் தனி விற்பனை குறைகிறது என மைக்ரோசொஃப்டே சமர்ப்பித்தது பதிவாகியுள்ளது. எவ்வளவு குறைகிறது என்ற எண் பொதுப் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. இந்தத் துறையின் ஆய்வு நிலையை அந்த வெற்றிடம் ஒன்றே சொல்லிவிடும்.

விமர்சகர்கள் காணத் தவறுவது, விளையாட்டாக்குநரின் சூழ்ச்சித் திறனை. பிரெண்டன் கியோ 2023 இல் வெளியிட்ட நூல், 'வீடியோ விளையாட்டுத் தொழில்' என்ற ஒற்றைத் தொழிலே இல்லை, பல நகரங்களில் பல விதமாகப் பிழைப்பவர்களின் வெளி மட்டுமே உண்டு என்று வாதிடுகிறது. கொன்சோல் ஒப்பந்தம் பலருக்கு வாழ்வாதாரத்தின் ஓர் இழை. ஆசிரியப் பணி, கூலிக்கு நிரல் எழுதுதல், அரச மானியம் எல்லாம் மற்ற இழைகள். இந்தப் படத்தோடு பார்த்தால் சார்பு என்ற சொல் சற்றுக் கனமாகவே படுகிறது.

நடுவில் நிற்கும் ஆட்கள்

கேசி ஓ'டொனல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் விளையாட்டுக் கூடங்களில் தங்கிச் செய்த கள ஆய்வு 2014 இல் நூலாக வந்தது. உரிமம், டெவ்கிட், இரகசியம் ஆகிய மூன்றும் சேர்ந்து யார் 'உள்ளே', யார் 'வெளியே' என்று தீர்மானிப்பதை அவர் காட்டினார். கனடாவில் ஜெனிஃபர் விட்சன், பார்ட் சைமன், ஃபெலன் பார்க்கர் ஆகியோர் சுயாதீனக் குழுக்களைப் பற்றி எழுதியதில் முக்கியமான கருத்து, உறவைப் பேணுவதே ஒரு வேலை என்பது: கண்காட்சிக்குப் போவது, மின்னஞ்சலுக்குப் பதில் சொல்வது, கம்பனியின் ஆளோடு பழக்கத்தைக் காப்பது. இந்த வேலைக்குக் கூலி இல்லை. வெற்றிக் கதைகளில் இடமும் இல்லை.

கம்பனிப் பக்கத்திலும் உறவு ஆட்களின் தோளிலேயே நின்றது. நின்டென்டோவில் சுயாதீன ஆக்குநர்களோடு பேசிவந்த டான் அடெல்மன் 2014 இல் விலகினார். சோனியில் ஷுஹெய் யொஷிதா 2019 இன் இறுதியில் சுயாதீன விளையாட்டுப் பொறுப்புக்கு மாறி 2025 ஜனவரி வரை இருந்தார். ஆட்கள் போகும்போது பழக்கமும் போகிறது. இது அனுபவபூர்வமாக நம்பத்தக்க விளக்கம்தான். ஆனால் நல்ல மனிதர் ஒருவர் இருந்தார், ஆகவே நல்லது நடந்தது என்ற அளவுக்கு இதைச் சுருக்கினால், அந்த நல்ல மனிதருக்கு வரவுசெலவுத் தொகையை ஒதுக்கியவர் யார், ஏன் அந்த ஆண்டில் என்ற கேள்வி மறைந்துபோகும்.

தெற்காசியாவுக்கு வந்த வழி

மேலே சொன்ன எல்லாப் பார்வைகளும் வட அமெரிக்கா, ஐரோப்பா, யப்பானை வைத்தே கட்டப்பட்டவை. நமது பகுதிக்குக் கொன்சோல் முதலில் வந்தது போலிப் பெட்டிகளாக. ஃபமிகொமைப் பார்த்துச் செய்த பெட்டியும் ஒன்றுக்குள் நூறு விளையாட்டு என்று எழுதிய கசெற்றுமே இந்தியாவிலும் இலங்கையிலும் 'ரீவி கேம்' என்று அறியப்பட்டன. உரிமம் வாங்கிய கம்பனி, ஒப்பந்தம், பங்கு என்ற உலகம் இங்கே வெகுகாலம் வரவே இல்லை.

அது வந்தபோது கூலி வேலையாக வந்தது. மேற்கில் பிளேஸ்டேஷன் 2 இன் காலம் முடிந்துகொண்டிருந்தபோது, இந்தியாவில் அதன் விலை மட்டுமே பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியானது. சோனியின் ஐரோப்பியப் பிரிவு ஹைதராபாத்தின் ஔரோனா நிறுவனத்தைக் கொண்டு 2009 இல் 'ஹனுமான்: போய் வோரியர்' விளையாட்டை வெளியிட்டது. அதே ஆண்டு ஹைதராபாத்தின் கேம்சாஸ்திரா கபடி, பட்டம், கிட்டிப்புள் போன்றவற்றைத் தொகுத்து 'தேசி அட்டா' செய்தது. 2010 இல் மும்பையின் டிரைன் தெருக் கிரிக்கெட் விளையாட்டைக் கொடுத்தது. உள்ளூர்ப் பொருளுக்கு உள்ளூர் ஆட்கள் என்ற கணக்கு. பெட்டியின் காலம் முடிந்ததும் அந்த உறவும் பெரிதாகத் தொடரவில்லை.

அடுத்த கட்டம் புனேயின் நொடிங் ஹெட்ஸ் கூடத்தின் 'ராஜி'. 2017 இல் இணையத்தில் திரட்ட முயன்ற நிதி இலக்கை எட்டவில்லை. 2020 ஓகஸ்டில் விளையாட்டு முதலில் சுவிட்சில் மட்டும் வந்தது. மற்றப் பெட்டிகளுக்கு ஒக்டோபரில். நின்டென்டோவுக்கு அப்போது இந்தியாவில் அதிகாரபூர்வக் கடையே இல்லை. இந்தியப் புராணச் சாயலில் இந்தியர் செய்த விளையாட்டு, இந்தியாவில் முறையாக விற்கப்படாத பெட்டியில் முதலில் வெளியானது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விருதின் முதல் படைப்புப் பிரிவுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது.

சீனாவில் கொன்சோல் தடை 2015 இல் முழுமையாக நீங்கியபின் சோனி அங்கே தொடங்கிய 'ஹீரோ' திட்டத்தின் இந்திய வடிவம் 2023 இல் வந்தது. நிதி, வழிகாட்டல், டெவ்கிட், வெளியீட்டு உதவி ஆகியவை அதன் வாக்குறுதிகள். முதற்கட்டத்தில் ஐந்து விளையாட்டுகள் தெரிவாயின. ஆட்கடத்தலைப் பற்றிப் பேசும் 'முக்தி', 'ஃபிஷ்போல்', 'சூரி: த செவந்த் நோட்' அவற்றில் அடங்கும். இத்தகைய திட்டங்கள் பலன் தர நெடுங்காலம் பிடிக்கும் என்பதைச் சீன அனுபவமே சொல்கிறது: 2016 இல் ஒருவரின் முன்னோட்டக் காணொளியாகக் கவனம் பெற்ற 'லொஸ்ட் சோல் அசைட்' 2025 ஓகஸ்டில்தான் கடைக்கு வந்தது.

தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான உதாரணம் 'வெண்பா'. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் செய்த இந்தச் சமையல் விளையாட்டு, 1988 இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா–பாவலன் தம்பதியையும் மகன் கவினையும் பற்றியது. இட்லி, புட்டு, பிரியாணி என்று கதை நகர்கிறது. 2023 ஜூலை 31 இல் சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ், கணினி அனைத்திலும் ஒரே நாளில் வந்தது. முதல் நாளே கேம் பாஸிலும் இருந்தது. 2024 இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும் பாஃப்டாவின் முதல் படைப்பு விருதையும் வென்றது. மூன்று கொன்சோல் கம்பனிகளும் ஒரே நாளில் கடையில் வைத்த தமிழ்க் கதை என்று பெருமைப்படலாம். ஆய்வுக் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது: கதை தமிழ்நாட்டுச் சமையலறையை நினைவுகூர்ந்தாலும், கம்பனிகளோடு கையெழுத்திட்டது ஒன்ராரியோ மாகாணத்துக் கூடம். டிஜிட்டல் ஊடகத் தயாரிப்புக்கு வரிச்சலுகை தரும் மாகாணம் அது.

கரடியனாற்றிலிருந்து பார்த்தால்

மட்டக்களப்பு மாவட்டத்தில் செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் உள்ளே போனால் வரும் கரடியனாறு நெல்வயலும் குளமும் சார்ந்த ஊர். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் கிட்டவே இருக்கிறது. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இசையும் ஓவியமும் கற்பிக்கிறது. நிரல், ஓவியம், இசை மூன்றுக்கும் ஆள் உள்ள ஒரு சிறு குழு இந்தப் பகுதியில் உருவாவது கற்பனைக்கு எட்டாததல்ல. தயாரிப்புக் கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் திறந்த மூலக் கருவியான கொடோட்டின் பொதுப் பதிப்பில் கொன்சோலுக்கான பகுதி இருக்க முடியாது. காரணம் மறுபடியும் அந்த இரகசிய உடன்படிக்கைதான். தனி நிறுவனங்களிடமிருந்து, பெரும்பாலும் விலை கொடுத்தே, பெற வேண்டும்.

அதன்பின் வருவது நாடு. சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் சேவைப் பட்டியலில் இந்தியா உண்டு, இலங்கை இல்லை. இங்கே பெட்டி வைத்திருப்போர் வேறு நாட்டு முகவரியில் கணக்குத் திறந்தே விளையாடுகிறார்கள். 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' கணினி விளையாட்டுக்கும் சோனிக் கணக்குக் கட்டாயம் என்று அறிவித்தபோது இந்தப் பட்டியல் உலகச் செய்தியானது; கட்டாயம் கைவிடப்பட்டபோதும் 170 இற்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டிருந்தது. விற்பனைப் பட்டியலும் ஆக்குநர் ஒப்பந்தமும் ஒன்றல்ல. ஆயினும் தன் ஊர்க் கடையில் இல்லாத பொருளைச் செய்பவருக்குச் சோதிக்கும் ஆட்களும் முதல் வாடிக்கையாளர்களும் அருகில் இருப்பதில்லை.

பணம் வரும் வழியும் அப்படித்தான். பேபால் சேவை இலங்கையில் நீண்ட காலமாகப் பணம் அனுப்ப மட்டுமே உதவியது, பெற அல்ல. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ரூபா டொலருக்கு ஏறத்தாழ 200 இலிருந்து 360 அளவுக்கு விழுந்தபோது, டொலரில் விலை குறித்த எல்லாக் கருவியும் சந்தாவும் எட்டாத உயரத்துக்குப் போயின. டொலரில் வருமானம் பெறுபவருக்கு அதே வீழ்ச்சி இலாபமாகவும் இருந்திருக்கும். உள்ளே போவதற்கான செலவும் உள்ளே போனபின் வரும் வரவும் ஒரே நாணயத்தில் என்பதால், வாசலைத் தாண்டியவருக்கும் தாண்டாதவருக்கும் இடையிலான தூரம் இத்தகைய நாட்டில்தான் மிக அகலம்.

பூட்டு, கணக்கு, சார்பு, ஆள் என்ற நான்கு விடைகளும் இந்த இடத்தில் போதாமல் போகின்றன. கம்பனிக்கு எப்போது ஆள் தேவை என்பதை ஆராய்ந்த அளவுக்கு, எந்த ஊரின் ஆள் அந்தத் தேவைக்குள் எண்ணப்படுகிறார் என்பதை ஆய்வுலகம் ஆராயவில்லை. வங்கிக் கணக்கு, பதிவு செய்த கம்பனி, வரி உடன்படிக்கை, விசா, ஆங்கில மின்னஞ்சல் ஆகியவை பூட்டுச் சில்லைப் போலவே வேலை செய்கின்றன. யாரும் அவற்றைப் பூட்டு என்று சொல்வதில்லை என்பது மட்டும் வேறுபாடு.

தீராதவை

கதவு எப்போது திறக்கிறது என்பதில் பொருளியல் விளக்கமே இதுவரை கிடைத்த சான்றுகளுக்கு ஓரளவு நன்றாகப் பொருந்துகிறது. நெட் யாரோசேயும் சுவிட்சும் அதன் விளிம்புகளைச் சோதிக்கின்றன. யாருக்குத் திறக்கிறது என்பதில் உறுதியாகச் சொல்லத்தக்கது குறைவு. சந்தாவில் சேர்ந்த சிறு குழுக்களின் வருமானம் நெடுங்காலத்தில் கூடியதா குறைந்ததா என்பதற்கு, கம்பனிகள் எண்களைத் திறக்காதவரை ஊகமே மிச்சம். இந்தியாவின் ஹீரோ திட்டம் பிளேஸ்டேஷன் 2 காலத்துக் கூலி வேலையின் தொடர்ச்சியா, விளையாட்டின் உரிமை ஆக்குநரிடமே தங்கும் வேறு உறவா என்பது அந்த ஐந்து கூடங்களும் இரண்டாவது விளையாட்டை யாருடைய பணத்தில் செய்கின்றன என்பதைப் பார்த்தே தெரியும். 'வெண்பா' போன்ற ஒன்று ரொறன்ரோவைச் சுற்றாமல் மட்டக்களப்பிலிருந்தோ மதுரையிலிருந்தோ நேரே மூன்று பெட்டிகளுக்கும் போக முடியுமா என்ற கேள்வியை, கம்பனிகளின் பங்காளர் ஒப்பந்தங்களோடு இலங்கை மத்திய வங்கியின் வெளிநாட்டுச் செலாவணி விதிகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் ஓர் ஆய்வாளரே தொட முடியும்.